சூட்கேசோடு வந்த சரோ அன்ரி

“உங்கடை வீட்டிலை ஆர் பத்தாம் வகுப்பைக் கண்டது? நீ எங்கை பிள்ளை நேர்ஸாகப் போறாய்?” என்று அம்மாவின் சிநேகிதி சரோ அன்ரி ஒருமுறை கேட்டார். கேட்டது ஜேர்மனியில், எங்கள் கெல்சென்கிர்ச்சன் வீட்டில், அம்மா சுட்ட வடையை மென்றபடி. கேள்வியில் பிழையில்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதுவரைகூடப் போகவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு படிப்பை முடித்தவள் நான்தான். இதை அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பழைய பேக்கரியைக் கடந்தபோது பெயின்ற் மணத்தது. அதை வீடுகளாக மாற்றுகிறார்கள். பாண் மணக்க வேண்டிய இடத்தில் பெயின்ற் மணத்ததும் அன்ரியின் ஞாபகம் வந்துவிட்டது.

இந்தக் கிராமத்தில் வயல்கள், ஒரு தேவாலயம், ஒரு பஸ் தரிப்பு, எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு பழைய மனநல ஆஸ்பத்திரி. அதற்கு மதில் கிடையாது. ஊரில் பாதிப் பேர் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை செய்தவர்கள், மீதிப் பேர் அங்கே பாண் வாங்கியவர்கள். ஆனால் வெளியே இந்த ஊரின் பெயரே ஒரு வசவு. பள்ளியில் யாராவது கோமாளித்தனம் பண்ணினால், உன்னை அங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்பார்கள். எனக்கு நேர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் அங்கேதான். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

“எங்கடை ஆக்களுக்குத் தெரிஞ்சா அண்டைக்கே விட்டிட்டு வீட்டை வந்திடோணும்.”

அவருக்கு என் கலியாணக் கவலை. எனக்குப் படிப்பில்தான் உயிர்.

அம்மா ஒரு வழி கண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் “பிள்ளைக்கு ஒரு கூரிலை வேலை” என்றார். கூர் என்பது காப்புறுதிக்காரரின் செலவில் மூன்று கிழமை காற்றோட்டமான இடத்தில் தங்கி உடம்பைத் தேற்றி வருவது. எங்கள் பெரியவர்களுக்கு அது சொர்க்கத்துக்கு முந்திய தரிப்பு. அம்மா சொல்லச் சொல்ல அங்கே வெந்நீர்க் குளம் வந்தது, எண்ணெய் தேய்ப்பு வந்தது. கடைசியில் கொலோன் நகரிலிருந்து சரோ அன்ரியே வந்துவிட்டார். முழங்கால் வலிக்கு. முன்னறிவிப்பில்லாமல், சூட்கேசோடு.

நான் கண்டபோது அவர் பேக்கரி வாசல் மேசையில் இருந்தார். பக்கத்தில் எங்கள் நோயாளி ஒருவர், முன்னாள் தபால்காரர். பஸ்ஸில் வருகிறவர்களை வரவேற்பது தன் உத்தியோகம் என்று தானே முடிவு செய்துகொண்டவர். சூட்கேசைத் தூக்கி வந்து, தோட்டமெல்லாம் சுற்றிக்காட்டி, வெண்ணெய் பூசிய சூட்டுப் பாணும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

“நல்ல மனுசன்,” என்றார் அன்ரி. “குளம் எங்கை எண்டு கேட்டன். வாத்து நிக்கிற குளத்தைக் காட்டுறார்.”

என் படிப்பு அந்த வாத்துகளோடு மிதந்து போவது தெரிந்தது.

“மற்றக் குளத்தைத் திருத்துகினம் அன்ரி. இப்ப ஏலாது.”

“பிள்ளை, வாசல் பலகையை வாசிச்சனான். எனக்கும் கொஞ்சம் டொச் பாஷை தெரியும்.”

நான் எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

“வாசிச்ச உடனை திரும்பத்தான் பாத்தன். இந்த மனுசன் சூட்கேசோடை போயிட்டார்.” பாண் துண்டை இரண்டாகப் பிய்த்தார். “பிறகு நடக்கேக்கை யோசிச்சன். என்ரை அவர் செத்தாப்பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. முழங்கால் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறன். டொக்டரிட்டை ஒரு டெர்மின் எடுத்துத் தருவியோ?”

“ஓம் அன்ரி.”

“ஆர் கேட்டாலும் கூர் எண்டே சொல்லுவம்.”

அன்ரி டொக்டரிடம் வந்து போனார். அவருடைய முகத் தெளிவைக் கண்டு இன்னும் சிலர் அம்மாவிடம் கூருக்கு இடம் கேட்டார்கள். அம்மா தடுமாறிப்போனார். பிறகு பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டில், சோறு பரிமாறும் நேரம், அன்ரியே எல்லோர் முன்னாலும் எங்கே, எதற்குப் போனார், யார் டெர்மின் எடுத்துக் கொடுத்தது என்று சொல்லிவிட்டார். அப்பா தன் நிபந்தனையை மறந்தவர்போல இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். இதை எழுதவா என்று அன்ரியைக் கேட்டேன். “எழுது, என்ரை வடிவைக் குறைச்சு எழுதாதை” என்றார்.

பேக்கரி போய்விட்டது. தபால்காரர் போய்விட்டார். அம்மாவின் வெந்நீர்க் குளமும் வற்றிவிட்டது. போன கிழமை, தலைமை நேர்ஸின் அனுமதியோடு, ஆஸ்பத்திரியில் என் அறைக் கதவில் ஒரு பலகை மாட்டினேன்: ‘செவ்வாய்க்கிழமைகளில் தமிழில் கதைக்கலாம்.’ ஆணி அடித்தவர் அப்பா.

“இன்னும் கொஞ்சம் மேலை அடிப்பம்,” என்றார். “எங்கடை ஆக்களுக்குத் தெரியோணும்.”