ஒயர் வைத்த தொந்தேஸ்

ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு முன்னால் நான் ஆசையாகப் புல் வளர்த்தேன். அதன் நடுவில் என் மனைவி ஒரு பாத்தி கனகாம்பரம் வளர்த்தாள். பிரான்சிலிருந்து லீவில் வரவிருந்த மைத்துனன், தானாக ஓடிப் புல் வெட்டும் இரண்டு ரோபோக்களின் படத்தை அனுப்பி, எது வேண்டுமென்று சொல்லச் சொன்னான். ஒன்றுக்குப் புல்லையும் பாத்தியையும் சுற்றி ஒயர் புதைக்க வேண்டும். அதைத் தாண்டி வராது. மற்றது எதிலாவது மோதினால்தான் திரும்பும்.

"எஞ்செடி மேல மோதிச்சின்னா, நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன், நீங்க அந்தப் பக்கமே திரும்ப வேணாம்," என்றாள் மனைவி.

ஒரு வாரம் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒயர்தான் என்று முடிவுகட்டிப் போன் போட்டேன். மைத்துனன் வேலைக்குப் போயிருந்தான். எடுத்தது அங்கேயே பிறந்த அவன் மனைவி. அவளுக்குத் தமிழ் வராது. எனக்குப் பிரெஞ்சு வரும் என்பது நானே கிளப்பிவிட்ட வதந்தி. புல் வெட்டும் மிஷினுக்கு அவர்கள் சொல்லும் பெயரைப் பிடித்துக்கொண்டு, "தொந்தேஸ், ஒயர் வைத்தது," என்று பிரெஞ்சில் கத்தினேன். "வீ, வீ," என்று ஆமாம் போட்டாள்.

வந்திறங்கிய மைத்துனன் கையில் சின்னப் பெட்டி. உள்ளே உள்ளங்கை அளவு மிஷின், அதிலிருந்து நீளமாக ஒரு ஒயர்.

"இன்னா மச்சான், இது புல்லு வெட்டுமா?"

"முடி வெட்டும் மாமா. ரெண்டுக்கும் அதே பேருதான். நீங்க ரோபோவ வுட்டுட்டு சலூன் வைக்கப் போறீங்கன்னு நெனச்சிட்டோம்."

கனகாம்பரம் தப்பியது என்று நான் மூச்சு விடுவதற்குள் மனைவி பிளக்கைச் செருகிவிட்டாள்.

"உக்காருங்க, ஒயரு எதுவரைக்கும் எட்டுதுன்னு பாக்கலாம்."