வாடிய பருத்தியும் விதைக்கடைக்காரரும்

தண்ணீரில் நின்றுகொண்டே ஒரு செடி தாகத்தால் சாகும் என்று அந்த நாளில் யாராவது சொல்லியிருந்தால், எங்கள் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். செடி தலை தொங்கினால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நைனார்பாளையத்தில் எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. மேட்டுக் கொல்லை எங்களுடையது, அதையொட்டிய பள்ளத்துக் கொல்லை அவருடையது. இரண்டு நிலத்திலும் பருத்தி. நான் ஐந்தாவது படித்த வருஷம், காய் பிடிக்கும் நேரத்தில் எங்கள் பருத்தி அங்கங்கே திட்டுத் திட்டாக வாட ஆரம்பித்தது. எங்கள் முறையிலும் தம்பி மோட்டார் போடுகிறானோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். வாய்விட்டுக் கேட்கவில்லை, மோட்டார் கொட்டகையைச் சும்மா சும்மா எட்டிப் பார்த்தார்.

சித்தப்பாவுக்கு அது புரியாமலா இருக்கும். "எம் மொறயும் நீயே பாச்சிக்கோண்ணா, ஒஞ் செடிதான் தொவளுது" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் பாய்ச்சினார், பாத்தி வழிய வழிய. வழிந்த தண்ணீர் வரப்பு உடைப்பு வழியாகச் சித்தப்பா கொல்லைக்கு இறங்கியது. தம்பி செடிக்கும் ஆகட்டும் என்று அப்பா அந்த உடைப்பை அடைக்காமல் விட்டார்.

கொஞ்ச நாளில் சித்தப்பாவின் பருத்தியும் வாடியது, உடைப்பிலிருந்து தண்ணீர் ஓடிய தடத்திலேயே. அவர் ஒரு செடியைப் பிடுங்கித் தண்டை அரிவாளால் பிளந்தார். உள்ளே பழுப்பாகக் கோடு. மேலே ஏறி வந்து எங்கள் செடி ஒன்றைப் பிளந்தார். அதே கோடு. வெகுநேரம் உடைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணியோடவே எறங்கி வந்துகினு இருந்திருக்குது" என்று முணுமுணுத்தவர், நான் நிற்பதைக் கண்டு, "ஒங்கப்பாகிட்ட இதச் சொல்லிக்கினு இருக்காத பாப்பா" என்றார். இரண்டு செடிகளையும் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார்.

சாயங்காலம் அப்பா ஓடி வந்தார். "இன்னாடா, ஒனக்குமா? நான் வுட்ட தண்ணி ஜாஸ்தியாயிடுச்சோ?"

"வெத செரியில்லண்ணா. ரெண்டு பேரும் ஒரே கடையிலதான வாங்கனோம். இனிமே தண்ணி பாச்சறது வீணு, வுட்ரு" என்றார் சித்தப்பா.

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விதைக்கடைக்காரரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து திட்டினார். எனக்கோ சித்தப்பா மேல் கோபமான கோபம். கண்ணெதிரே கூசாமல் பொய் சொல்கிறாரே, ஏதோ தப்பு செய்துவிட்டு மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

வேளாண் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பழுப்புக் கோடு என்னவென்று தெரிந்தது. மண்ணில் கிடக்கும் ஒரு பூஞ்சை, செடியின் காவலை ஏமாற்றிவிட்டு வேர் வழியே நுழைகிறது. காவல் விழிப்பதற்குள் தண்ணீர் ஏறும் குழாய்க்கே போய்விடுகிறது. பதறிப்போன செடி, அது மேலே ஏறாதபடி பிசின் சுரந்து தன் குழாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. அப்புறம் காலடியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் தலைக்கு எட்டாது. அந்தத் தண்ணீர் பூஞ்சையை அடுத்த கொல்லைக்குக் கொண்டுபோவதுதான் மிச்சம். பாவம் அப்பா, தம்பிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

படித்ததைச் சொல்லிவிடும் அவசரத்தோடு லீவுக்கு ஊருக்கு வந்தேன். பருத்திப் பேச்சு வந்ததும் அப்பா வழக்கம்போல விதைக்கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பத்து வயதில் எனக்கு வெறும் பொய்யாகத் தெரிந்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

"அந்த ஆள சும்மா வுட்டிருக்கக் கூடாதுப்பா" என்று நானும் திட்டினேன்.