ஆறாம் நாள் பாட்டு

வாயில் ஒன்பது ஆணி இருக்கும்போது பாட்டு மூக்கு வழியாகத்தான் வரும். ஒவ்வோர் ஆணியாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளி, சுத்தியலின் காந்த முனையில் ஒட்டவைத்து, ரெக்சினை இழுத்துப் பிடித்து இரண்டே அடி. ஒன்பதாவது இறங்கியதும் வாய் காலி. அதுவரை அடக்கிவைத்த நாலு வரியும் ஒரே மூச்சில் வெளியே விழும்.

பேருந்து இருக்கை தைக்கும் பட்டறையில் அவனுக்கு ஆணிவாய் என்று பெயர்.

"யோவ் ஆணிவாய், இன்னைக்கு ஆணியா பாட்டா?" என்பார் முதலாளி.

"ரெண்டும் குத்தும் முதலாளி. எது வேணும்?"

தாள் வைத்து எழுதுகிற பழக்கம் கிடையாது. இருக்கைப் பலகையின் மேல் சாக்குக்கட்டியால் எழுதுவான். வரி மனத்தில் படிந்ததும் அதன்மேல் பஞ்சை ஒட்டி ரெக்சினை மூடிவிடுவான். "ஊரே என் பாட்டு மேலதான் உக்காந்து போகுது. ஒருத்தரும் எந்திரிச்சு நின்னு கேக்கல" என்பது அவன் அடிக்கடி சொல்லும் நகைச்சுவை.

கல்யாணத்துக்கு வாழ்த்து, கட்சிக்குக் கூப்பாடு எதுவும் எழுதமாட்டான். அவனுக்கு விபத்துதான் வேண்டும். பாலம் உடைந்தது, படகு கவிழ்ந்தது என்று ஏழெட்டுக் கதைப்பாட்டு கைவசம் உண்டு. நடந்த இடத்துக்குப் போவான், பார்த்தவர்களைத் துருவுவான். "பொய் சொன்னா தாளம் தப்பும்" என்பது அவன் கொள்கை.

ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்தது பெரிய பாட்டு. ஐம்பது வருடம் முன்பு மலைக்காட்டில் ஒரு சிறிய விமானம் விழுந்தது. பத்தொன்பது பேர். தேடிப் போன கூட்டம் ஐந்து நாள் காட்டைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு நின்றது. ஆறாம் நாள் ஓர் ஆள் முன்னால் நடந்து வழி காட்டினான். உயிரோடு கிடைத்தது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திதான். வழி காட்டிய அந்த ஆள்தான் ஆணிவாயின் அப்பா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலக அரங்கில் நினைவுக் கூட்டம். பாட்டு அங்கேதான் அரங்கேறுகிறது. முன்வரிசையில் அப்பாவுக்கு நாற்காலி போட்டாயிற்று.

"உங்கப்பா ஒரு தடவைதான் காட்டுக்குப் போனாரு. நீங்க போயி ஆறு மாசமாச்சு, இன்னும் வீடு திரும்பல" என்றாள் மனைவி.

தேடுதல் கூட்டத்தில் மிஞ்சியிருந்த கிழவர்கள் மூவரையும் பார்த்துப் பேசிவிட்டான். மூவரும் ஒன்றையே சொன்னார்கள்: உங்கப்பா ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை, நேரே போனார். அதிலிருந்து பிறந்ததுதான் அவன் நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிற வரிகள்:

பாதையில்லாக் காட்டுக்குள்ளே
பார்த்து வைத்தாற் போல் நடந்தான்;
வீதி முனை வீட்டுக்கு ஒருவன்
வேலைவிட்டு வருதல் போலே.

கடைசியாக, பிழைத்த சிறுமியிடம் பாடிக்காட்டப் போனான். அவர் இப்போது ஓய்வுபெற்ற டீச்சர். கூடத்தில் கிழிந்த பாடப்புத்தகங்களைப் பரப்பி, விரலெல்லாம் பசையோடு அவற்றின் முதுகை ஒட்டிக்கொண்டிருந்தார். பாட்டைக் கேட்டுக்கொண்டே இரண்டு புத்தகம் ஒட்டினார். அந்த நாலு வரி வந்ததும் கை நின்றது.

"அதை இன்னொரு தடவை பாடுங்க."

குஷியாகிவிட்டது அவனுக்கு. குரலை ஏற்றிப் பாடினான்.

"பாத்து வச்ச மாதிரி இல்ல. பாத்துத்தான் வச்சிருந்தாரு" என்றார் டீச்சர். "மூணாம் நாளே வந்தாரு. தனியா."

அவனுக்கு முதலில் வந்தது சிரிப்பு. "டீச்சர், அப்ப உங்களுக்கு ஒம்பது வயசு. காய்ச்சல் வேற."

"காய்ச்சல் அஞ்சாம் நாள்தான் வந்துச்சு. மூணாம் நாள் தெளிவாத்தான் இருந்தேன். அம்மாவும் இருந்தாங்க."

"அம்மாவா?"

"பேசிட்டு இருந்தாங்க. உங்கப்பா தன் தண்ணியை ரெண்டு பேருக்கும் குடுத்தாரு. வலது கட்டைவிரல்ல நகம் கிடையாது. 'சத்தம் போடாதீங்க, வந்துடறேன்'னாரு. அம்மா நாலாம் நாள் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் பாக்கல."

அவன் டீச்சர் கொடுத்திருந்த காப்பி டம்ளரை எடுத்துக் குடித்தான். அது ஏற்கெனவே காலி. கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்துக் குடித்தான்.

"ஆறாம் நாள் கூட்டத்தோட வந்து என்னைத் தூக்கினது அதே கை. நகத்தைப் பாத்தேன். அவர் என் முகத்தைப் பாக்கல."

"யார்கிட்டயும் சொல்லலையா டீச்சர்?"

"திரும்பி வந்தாரே. வராமலே இருந்திருந்தா நானும் இல்ல. உங்களை மாத்தச் சொல்ல வரல. அந்த நாலு வரியை மட்டும் என்னால நேரா உக்காந்து கேக்க முடியாது."

அப்பா அந்தக் காலத்தில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டியது வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை. எந்தக் காடு என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. மூன்றாம் நாள் ஓடிவந்து சொல்லியிருந்தால், அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று நாள்.

டீச்சர் வீட்டு வாசலில் செருப்பு எங்கே என்று தேடினான். காலில்தான் இருந்தது, கழற்றாமலே உள்ளே போயிருக்கிறான். எப்போதும் ஏறும் நிறுத்தத்தைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி, வீடு வரைக்கும் நடந்தே வந்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தார். நகமில்லாத விரல் பாலில் முங்கி முங்கி எழுந்தது. "எங்கேடா போன?" என்றார். "பட்டறைக்கு" என்றான்.

மறுநாள் ஏழரைக்கு வேலைக்குப் போனான். பதினான்கு இருக்கை. பாடவில்லை. "பல்வலியா?" என்று முதலாளி கேட்டார், ஆமாம் என்றான். ஐந்தரைக்கு வீடு திரும்பினான். கூட்டத்துக்கு எடுத்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா கண்ணாடி முன்னால் நின்றார். "எனக்கு மட்டும் ஒரு தடவை பாடிக்காட்டேன்" என்றார். பாடினான். அந்த நாலு வரி இருந்த இடத்தில் வேறு நாலு வரி இருந்தது.

மூன்றாம் நாளே வந்த மனிதன்
முகம் திருப்பிப் போய்விட்டான்;
ஆறாம் நாளில் அதே கையால்
அவளை அள்ளித் தூக்கிவந்தான்.

எதுகை விழவில்லை. அவன் திருத்தவில்லை.

தெருவில் ஒரு வண்டி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது போய் முடிகிறவரை அப்பா நின்றார். பிறகு மேலிருந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். நான்காவதில் விரல் நின்றுவிட்டது. அவன் எழுந்து போய், முகத்தைப் பார்க்காமல், மீதியைக் கழற்றிவிட்டான்.