சில்லறைக்குப் பதில் மிட்டாய்

ஒரு ரூபாய் நாணயத்தை இனியும் அடிக்கலாமா, வேண்டாமா என்ற பேச்சு ஊரில் எங்கே வேண்டுமானாலும் எழட்டும், வெயிலுகந்தம்மாள் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் மட்டும் எழக் கூடாது. எழுந்தால் அன்றைக்கு வேலை ஓடாது.

அன்றும் அப்படித்தான் ஆனது. மத்தியானச் சோற்று நேரத்தில் உடன் வேலை பார்க்கிற பூங்கொடி செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவள், சும்மா இருக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"ஒத்த ரூவாத் துட்டு அடிக்கதுக்கு ஒரு ரூவாய்க்கு மேல செலவாவுதாம். நிறுத்திரலாம்னு எவனோ பேசியிருக்கான் பாருங்க."

"நிறுத்தட்டும். அத இப்ப யாரு வாங்குதா? பிச்சைக்காரன் கூட முறைக்கான்" என்றாள் ஒருத்தி.

"நிறுத்துனா தீப்பெட்டி அஞ்சு ரூவா ஆயிரும். அம்பது பைசாவுக்கு வித்தது ஒரு ரூவா ஆச்சு, இப்ப ரெண்டு ரூவா. நம்ம கூலி மட்டும் ஆடாம அசையாம உக்காந்திருக்கு" என்றாள் இன்னொருத்தி.

வெயிலுகந்தம்மாள் தூக்குச்சட்டியை ஓங்கி மூடினாள். "நிறுத்துதவன் வீட்டுல ஒருத்தருக்குச் சுகர் வரட்டும். அப்பத் தெரியும் ஒத்த ரூவாயோட அருமை" என்றாள்.

சுகருக்கும் ஒத்த ரூபாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. விளக்கம் கேட்கவும் பயம். அவள் கோபம் அப்படி. அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் அவள் புருஷன் கொம்பையாவிடம் போக வேண்டும்.

கொம்பையா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கோவில்பட்டிக்கும் எப்போதும்வென்றான் என்ற ஊருக்கும் இடையே ஓடிய பஸ். கண்டக்டர்களில் பாதிப் பேர் மிச்சச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது வேறு பக்கம் பார்த்து விசில் அடிக்கிறவர்கள். கொம்பையாவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. அந்தப் பஸ்ஸில்தான் வெயிலுகந்தம்மாள் குமரியாக இருந்த காலத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் சில்லறையை மறந்து இறங்கிவிட்டாள். அந்த மனுஷன் டிரைவரிடம் வசவு வாங்கிக்கொண்டு பஸ்ஸை நிறுத்தி, பின்னாலேயே ஓடிவந்து எட்டணாவை அவள் கையில் வைத்தார். கூட இருந்த பெண்கள் விடுவார்களா? கேலி பேசிப் பேசியே கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள் என்று ஓடிப் போயிற்று காலம்.

ஐம்பது தாண்டியதும் கொம்பையாவுக்குச் சுகர் வந்தது. முதலில் கண் மங்கியது, பிறகு பாதம் மரத்தது. மரத்த காலோடு ஓடுகிற பஸ்ஸில் எப்படி நிற்பது? முதலாளி நல்ல வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டாக்டர் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "இனிப்பைத் தொடக் கூடாது. தினமும் நடக்கணும். இல்லைன்னா காலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் காலைக் காப்பாற்றுவதுதான் வெயிலுகந்தம்மாளின் பிழைப்பு. சீனி டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். தனக்கும் சேர்த்துச் சீனி இல்லாத காப்பி போட்டாள். சோற்றைக் குறைத்தாள். ஆனால் கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு ஒரு மனுஷனைக் கடலைமிட்டாயிலிருந்து ஒளித்து வைக்க முடியுமா? காற்று திரும்பினால் பாகு காய்ச்சுகிற வாசனை வீட்டுக்குள் வருகிறது. கொம்பையாவுக்குக் கடலைமிட்டாய் என்றால் உயிர். பஸ்ஸில் இருந்த காலத்தில் பணப்பையில் துட்டோடு துட்டாக அதுவும் கிடக்கும்.

அவள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கையில் துட்டு இருந்தால்தானே வாங்கித் தின்பார்? துட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். காலையில் பால் பாக்கெட்டுக்கு மட்டும் பணம் கொடுத்து, காட்டுப் பாதையைத் தாண்டி இருக்கும் மிக்கேல்ராஜின் கடைக்கு நடக்க அனுப்பினாள். நடந்ததும் ஆயிற்று, பாலும் ஆயிற்று. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

ஒரு நாள் ஆணியில் தொங்கிய அவர் சட்டையில் எறும்பு சாரை சாரையாக ஏறியது. பையைத் திருப்பிப் பார்த்தாள். பாகு பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது, ஒரு கடலைப் பருப்பு வேறு. சட்டையை அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினாள்.

"துட்டு ஏது உங்களுக்கு?"

கொம்பையா தரையைப் பார்த்தார். "மிக்கேல்ராஜ் சில்லறை இல்லைங்கான் ஏட்டி. மிச்சத்துக்கு மிட்டாய எடுத்து நீட்டுதான். ஒத்த ரூவாய்க்காக அவன்ட்ட நின்னு மல்லுக்கட்டவா சொல்லுத? எம்புட்டுப் பேர் என்ட்ட மல்லுக்கட்டியிருக்காவ, எனக்குத் தெரியாதா அந்தக் கேவலம்?"

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? எட்டணாவுக்காகப் பஸ்ஸை நிறுத்திய மனுஷன் அவர். ஊரிலும் நடப்பு அப்படித்தானே இருந்தது. மருந்துக் கடைக்குப் போனால் சாக்லேட், பலசரக்குக் கடைக்குப் போனால் மிட்டாய். சின்ன ஒத்த ரூபாய் செல்லாது என்று எவனோ கிளப்பிவிட, வாங்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை. அவருக்கு மிட்டாய் கொடுத்தது மிக்கேல்ராஜ் இல்லை, இந்த நாடுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கடையை மாற்றலாம் என்றால் அடுத்த கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம், லாரி போகிற இடம். கண் மங்கிய மனுஷனை அங்கே எப்படி அனுப்புவது? மிக்கேல்ராஜிடமே போய்ச் சொல்லலாம் என்றால், அவர் கேவலம் என்று சொன்னதைத் தானே போய்ச் செய்த மாதிரி ஆகும்.

ஆகவே ஒத்த ரூபாய் தேடிப் புறப்பட்டாள். பால் பாக்கெட்டுக்குச் சரியாகச் சில்லறை கொடுத்தனுப்பினால் மிச்சமும் இல்லை, மிட்டாயும் இல்லை. இதுதான் அவள் கணக்கு. வேலை முடிந்து வேனில் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் அலைந்தாள். அம்மன் கோவில் பூசாரியிடம் நோட்டைக் கொடுத்துத் தட்டில் விழுந்த காசை மாற்றினாள். டவுன் பஸ் கண்டக்டர்களிடம் கெஞ்சினாள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரரிடம் போய்க் கை நீட்டியபோது, அவர் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு காலுக்கு முன்னால் வெட்கம் என்ன பெரிய வெட்கம்.

காசையெல்லாம் அடுப்பங்கரை அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தாள். அது குறையக் குறைய மறுபடியும் அலைந்தாள். தினமும் பாலுக்கு எடுத்துக் கொடுப்பதால் குறைகிறது என்று நினைத்தாள். எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

சுகர் மட்டும் இறங்கவில்லை. டாக்டர் அவளைத்தான் ஏசினார். "வீட்டுல நீங்க என்னத்தம்மா பார்க்கீங்க?" என்றார். கொம்பையா அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீப்பெட்டி ஆபீஸில் அந்தப் பேச்சு நடந்தது இப்படியிருந்த நாளில்தான். அந்த ஐப்பசியில் நல்ல மழை. கரிசல் மண்ணில் மழை பெய்தால் நடக்கிறவன் காலோடு காடும் கூட வரும். கொம்பையா பாலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, வெறுங்காலோடு வந்தார். பாதத்தில் அப்பிய மண்ணுக்குள்ளே ஒரு வேலிக்கருவை முள் ஏறியிருந்தது. மரத்த காலுக்கு அது தெரியவில்லை. மங்கிய கண்ணுக்கும் தெரியவில்லை. அவள் பார்த்தபோது பெருவிரல் கறுத்து, நாற்றம் வந்துவிட்டது.

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் முதலில் விரல் என்றார்கள். பிறகு பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், மாற்றுத் துணி எடுக்க அவள் கோவில்பட்டிக்கு வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே மிக்கேல்ராஜின் கடைக்குத்தான் போனாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கடைக்கு முன்னால் நின்று, "ஒத்த ரூவா வச்சிருக்க வக்கில்லாத ஒனக்கு எதுக்குடா கடை? எம்புருசன் கால எடுத்துட்டானுவ" என்று கத்தினாள்.

மிக்கேல்ராஜ் நடுங்கிப்போய் வெளியே வந்தார். "அக்கா, என்ன சொல்லுதீங்க? அண்ணாச்சிக்குச் சுகரா?"

"தெரியாத மாதிரி கேக்க. சில்லறை இல்ல சில்லறை இல்லன்னு மிட்டாயக் குடுத்தே கொன்னுட்டியே."

"மாதா சத்தியமா நான் ஒருநாளும் அவியட்ட சில்லறை இல்லன்னு சொல்லலக்கா." அவர் கல்லாவை அவள் பக்கமாக இழுத்துக் காட்டினார். "அண்ணாச்சிதான் துட்டு வேண்டாம், மிட்டாயாக் குடுன்னுவாவ. பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்குன்னு சொன்னாவ. பிள்ளையில்லாத மனுசன், ஆசையா வாங்குதாவன்னு நானும் ஒண்ணு கூடப் போட்டுக் குடுப்பேன். இப்பக் கொஞ்ச நாளா நீங்க வேலைக்குப் போன பொறவு மத்தியானமும் வருவாவ, கை நிறைய ஒத்த ரூவாயோட. தெரிஞ்சிருந்தாக் குடுப்பனாக்கா நான்?"

கல்லாவின் ஒரு தடுப்பு முழுக்க ஒத்த ரூபாய் கிடந்தது. அதில் பல காசுகளில் குங்குமமும் மஞ்சளும் ஒட்டியிருந்தன. பூசாரியிடம் நோட்டைக் கொடுத்து அவள் வாங்கி வந்த காசுகள்.

வெயிலுகந்தம்மாள் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மிக்கேல்ராஜ் சோடாவை உடைத்துக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. அவர் அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. வாய் கசந்தது, அவ்வளவுதான்.

ரயிலில் திருநெல்வேலி போகும் வழியெல்லாம் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் பிச்சைக்காரனிடம் கை நீட்டியதை வந்து சொன்னேனே, கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? உங்கள் காலைக் காப்பாற்றக் கொண்டுவந்த காசையே எடுத்துக்கொண்டு போக எப்படி மனம் வந்தது? ஊரெல்லாம் சண்டை போட்டேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மணியாச்சி தாண்டும்போது கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்றுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறினாள்.

கொம்பையா விழித்துத்தான் கிடந்தார். ஒரே நாளில் பாதி உடம்பாகப் போயிருந்தார். போர்வையின் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பாதியில் சப்பென்றும் கிடந்தது. அவள் கையில் துணிப்பை இல்லாததையும் அவள் முகத்தையும் பார்த்தார். கண்டக்டர் அல்லவா, முகம் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்கிறவர்.

"மிக்கேல்ராஜப் பாத்தியா?" என்றார்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உகந்தா, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சில்லறை…" என்று தொடங்கினார். கை அவள் கையைத் தேடியது.

ரயிலில் சேர்த்து வைத்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. பயம்தான் வந்தது. இதை இந்த வாயால் சொல்லிக் கேட்டுவிட்டால், பிறகு காலம் முழுக்க இந்த மனுஷனுக்குக் கஞ்சி ஊற்றும்போதும் கழுவி விடும்போதும் அதுதானே முன்னால் வந்து நிற்கும்? சொன்ன அவருக்கும் அப்படித்தானே? கால் போனது போதாதா?

"ஒண்ணும் சொல்லாண்டாம். கிடங்க" என்றாள்.

"இல்ல ஏட்டி, நான்தான்…"

"சொல்லாண்டாம்னு சொல்லுதேம்லா."

அவர் அவளையே பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே உடம்பு குலுங்கியது. அவள் அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அடுத்த கட்டிலுக்குத் துணை இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா ஆச்சு உங்க வீட்டுக்காரருக்கு? பாத்தா நல்ல மனுசரா இருக்காவ. வாயக் கட்டலியோ?"

வெயிலுகந்தம்மாள் நிமிர்ந்தாள். போர்வைக்குள் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னாள்.

"அதெல்லாம் வாயக் கட்டத்தாம்மா செஞ்சாவ. கடையில ஒத்த ரூவாச் சில்லறை இல்லைன்னுட்டானுவ. அவியளும்தான் என்ன செய்வாவ, குடுத்தத வாங்கிட்டு வந்தாவ."