வேனுக்கு மட்டும் அரைச் சுற்று

பட்டறைக்காரருக்கு அரைச்சுத்து என்ற பட்டப்பெயர் வந்ததே மனைவியால்தான். ஊரார் வண்டிக்கெல்லாம் சக்கர நட்டை ஸ்பேனர் பிடித்துக் கையால் முடுக்குவார். இறுகி நின்றால் விட்டுவிடுவார். மனைவி ஓட்டும் பள்ளிக்கூட வேனுக்கு மட்டும் ஸ்பேனர்மேல் ஏறி நின்று இன்னொரு அரைச் சுற்று. அவள் அதைப் போய் எதிர்க்கடையில் சொல்லப்போக, தெருவே பிடித்துக்கொண்டது.

"பதினோரு பிள்ளைங்க ஏறுற வண்டிப்பா," என்பார் கேலி செய்கிறவர்களிடம். பன்னிரண்டாவதாக ஏறுகிறவளைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார்.

அன்று மதியம் ரெண்டே முக்காலுக்கு அந்த வேன் பட்டறை வாசலில் நொண்டிக்கொண்டு வந்து நின்றது. முன் டயர் பஞ்சர். மூன்றரைக்குப் பள்ளி விடும். நாலு நட்டுகள் முனகிக்கொண்டே வந்துவிட்டன. ஐந்தாவது அசையவில்லை. அவர் மூச்சைப் பிடித்து இழுத்ததில் ஸ்பேனர் வழுக்கி, நட்டின் மூலைகள் மழுங்கிப்போய், விரல் முட்டியில் தோலும் உரிந்தது.

"எந்தப் புண்ணியவான் முடுக்கினது இது?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"கிண்டல் பண்ற நேரமாம்மா?"

"நீங்க சிக்குறதே வருஷத்துக்கு ஒரு தடவை. இப்ப விட்டா எப்ப?"

சிரித்தாளே தவிர, கண் கடிகாரத்தில்தான் இருந்தது. இரண்டாம் வகுப்புச் சின்னவன் ஒருவன், வேனைக் காணோமென்றால் நடக்க ஆரம்பித்துவிடுவான். போன மாதம் பெரிய ரோடு வரைக்கும் போய்விட்டான்.

அவர் நட்டின் அடியில் டீசல் விட்டு, சுற்றிலும் சுத்தியலால் தட்டினார். பெட்டியைக் கவிழ்த்து, ஒரு அளவு சின்ன சாக்கெட்டைத் தேடியெடுத்து, மழுங்கிய நட்டின்மேல் அறைந்து இறக்கினார். கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகினார்.

"வா, நீயும் பிடி."

"போடுறப்ப ஒரு ஆள், எடுக்குறப்ப ரெண்டு ஆளா?"

"பேசாம தொங்கும்மா."

தொங்கினார்கள். கீச்சென்று ஒரு சத்தம். குழாய் சட்டென்று இறங்க, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். நட்டு கழன்றிருந்தது.

ஸ்டெப்னியை மாட்டி, புது நட்டு போட்டு முடுக்கினார். இறுகி நின்றது. அவருடைய வலது கால் தானாக ஸ்பேனரைத் தேடி எழும்பியது.

"ஏங்க."

கால் அந்தரத்தில் நின்றது.

"நடுரோட்டுல பஞ்சரானா, நான் யாரைக் கூப்பிட்டுத் தொங்குறது?"

சக்கரம் கழன்றுவிடக் கூடாதே என்றுதான் இத்தனை வருஷமும் அவருக்குக் கவலை. அவள் ஒற்றை ஆளாகக் கழற்ற வேண்டிவரும் என்பது ஒருநாளும் தோன்றியதில்லை. காலை இறக்கினார். ஸ்பேனரைத் துடைத்து, அவள் சீட்டுக்கடியில் வைத்தார்.

"மத்த மூணு சக்கரத்தையும் சாயங்காலம் தளர்த்தி முடுக்கித் தரேன்."

மூன்று முப்பத்திரண்டுக்கு போன் வந்தது. "சின்னவன் ஸ்கூல் கேட்டுக்குள்ளதான் நிக்கிறான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவர் விரலுக்குத் துணி சுற்றினார்.

சாயங்காலம் மூன்று சக்கரங்களுக்கும் வேர்க்க விறுவிறுக்க வேலை நடந்தது. கடைசி நட்டில் இருக்கும்போது பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"கையாலதானே?"

"கையாலதாம்மா," என்றார், தூக்கிய காலை ஓசைப்படாமல் கீழே வைத்தபடி.