கம்பவுண்டரின் அரிசிச் சாக்கு

என் மோட்டார் சைக்கிள் பட்டறைச் சுவர் ஆணியில் ஒரு பழைய அரிசிச் சாக்கு மடித்துத் தொங்குகிறது. எழுபதுகளில் அதை இங்கே கொண்டுவந்தவர் சின்னமனூர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். வீடு ஓடைப்பட்டி. மனைவிக்கு வயிற்றில் கட்டி. பஸ் நெரிசல் அந்த அம்மாவுக்குத் தாங்காது என்று, வாரந்தோறும் தேனி ஆஸ்பத்திரிக்குத் தன் மோட்டார் சைக்கிளிலேயே கூட்டிப்போவார். இருவரும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். குழிக்குக் குழி அடிக்கும்.

“வீட்டுக்காரி ஒண்ணும் சொல்ல மாட்டா தம்பி. என் சட்டையக் கெட்டியாப் பிடிப்பா, அம்புட்டுத்தான்,” என்றார்.

வலுவான ஸ்பிரிங் போட்டேன். அதன் அடியில் இருக்கும் பல் வெட்டிய வளையத்தை ஒரு பல் ஏற்றினால் விறைக்கும், இறக்கினால் இளகும். உட்காரும் ஆளின் எடைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். அந்த அம்மாவின் எடையைக் கேட்டேன். எருமையைப் பார்த்தே எடை சொல்கிற மனிதர் திணறிப்போனார். நோயாளியை உட்காரவைத்தா சோதித்துப் பார்ப்பது? மறுவாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்து, அதே எடைக்கு ஒரு சாக்கில் அரிசி நிரப்பிக் கொண்டுவந்தார். இருவருமாகத் தூக்கிப் பின் சீட்டில் கட்டினோம். மார்க்கையன்கோட்டை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சாக்கைத் தட்டி, இந்த அம்மா சண்டையே போட மாட்டார்கள் என்று கேலி செய்தேன். சிரித்தார். அடுத்த முறை வந்தபோது, அவள் சட்டையைப் பிடிக்காமல் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள் என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு மாதாமாதம் சாக்கோடு வந்தார். வண்டி மறுபடி தூக்கிப்போடுகிறது என்பார். சாக்கைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு பல் இறக்குவேன். அரிசி ஏன் குறைந்தது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் கேலியும் நின்றுபோயிற்று. கடைசியில் சாக்கை நான் ஒருவனே தூக்கிவைத்தேன்.

ஒருநாள் காலையில் வந்து நின்றார். கையில் வெறும் சாக்கு.

“ஒத்த ஆளுக்கு வச்சுரு தம்பி.”

ஸ்பானரை எடுத்துக் கடைசிப் பல்வரை இறக்கினேன். வழக்கம்போல சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். சாக்கை எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் கூடலூருக்கு மாற்றலாகிப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது வருகிற பையன்கள், வளைவில் வேகமாகத் திரும்ப ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறார்கள். ஒற்றை ஆளுக்கா, இரண்டு பேருக்கா என்று கேட்பேன். ஒற்றை ஆள்தான் என்பார்கள். ஆணிப்பக்கம் திரும்பாமல் ஸ்பானரை எடுப்பேன்.