என்ர ஸ்பெயின் ரூட்டில் எனக்கு வான் சீட்

இன்றைக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட் கடையில் பால் வாங்கப் போன இடத்தில், எங்கட சைக்கிள் கிளப் தலைவர் அங்கிள் என்னைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, நீர் கீறின ஸ்பெயின் ரூட்டை வட்ஸ்அப் குரூப்பில போட்டிட்டன். எல்லாரும் வருகினம்!"

அது நானும் அண்ணாவும் மட்டும் சைக்கிள் ஓடுவதற்காக, கார் வராத மலைக்கிராமத்து ரோடுகளாகத் தேடித் தேடி நான் மேப்பில் கீறியது. அண்ணா வாய் சும்மா இருக்காமல் இவருக்குக் காட்டியிருக்கிறான்.

"அங்கிள், அங்க ஆட்டுமணிச் சத்தத்தைத் தவிர ஒண்டும் கேட்காது."

"ஓம், அதுதான் ஸ்பீக்கர் கொண்டுவாறம். பின்னால சோறு கொண்டுவாற வான். நீர் சின்னப் பெடியன், மலையெல்லாம் ஏற ஏலாது. வானில இருந்து தண்ணிப் போத்தல் குடும்."

நான் கீறின ரூட்டில் நான் தண்ணி குடுக்கிற ஆள்!

சிரித்துக்கொண்டே, "திருத்தின ரூட் ஒண்டு இருக்கு அங்கிள்" என்றேன். பாலைக் கக்கத்தில் இடுக்கியபடி போனிலேயே புதிதாகக் கீறி அனுப்பினேன். மலையே இல்லை. கடற்கரை, ஹோட்டல், டூரிஸ்ட் பஸ். அங்கிள் உடனே இதயம் போட்டார்.

கிளப் ஆக்களே, அங்கிளிட்டப் போட்டுக் குடுக்கிறதெண்டால் குடுங்கோ. இல்லாட்டி, என்னோட பழைய ரூட்டில மலைப்பக்கம் வாயை மூடிக்கொண்டு ஓடத் தெரிஞ்ச ஒராளுக்கு இடம் இருக்கு.

அண்ணாவின்ர இடம்தான்.